பருவம் இறக்குமா? – தமிழ்ப் பருவப் பகுப்பும் வாழ்நாள் உளவியலும்

அண்மைக் காலத்துத் தமிழ் ஆய்வேடுகள் பலவற்றுள் ஓர் அட்டவணை திரும்பத் திரும்பக் காணப்படுகின்றது. அதன் இடப்புறத்தே எரிக் எரிக்சன் என்னும் உளவியலறிஞர் வகுத்த எட்டுப் படிகள் நிற்கும். வலப்புறத்தே பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களும் உலாவின் ஏழு பருவங்களும் நிற்கும். இடையே கோடுகள் இழுக்கப்பட்டிருக்கும். மேலைநாட்டார் இருபதாம் நூற்றாண்டிற் கண்டதைத் தமிழர் பன்னூறாண்டுகட்கு முன்னரே கண்டனர் என்பது அவ்வட்டவணையின்கீழ் எழுதப்பெறும் முடிபு. யாமும் எம் முனைவர்ப் பட்ட ஆய்வேட்டில் இத்தகையதோர் அட்டவணையை வரைந்துள்ளோம். அதனை அன்று எவரும் மறுத்திலர், பாராட்டியோரும் உளர்.

சில ஆண்டுகட்கு முன், வாய்மொழித் தேர்வொன்றில் யாம் தேர்வாளராய் அமர்ந்திருந்தோம். மாணவியொருவர் அதே அட்டவணையை வரைந்திருந்தார்; ஆனால் கடைசி இரு கட்டங்களை வெறுமையாக விட்டிருந்தார். எரிக்சனின் ஏழாம் எட்டாம் படிகட்கு நேரே ஏன் ஒன்றும் எழுதப்படவில்லை என வினவினோம். "பேரிளம்பெண்ணோடு பட்டியல் முடிந்துவிடுகிறது, அம்மா. அதற்குமேல் எழுதப் பெயரில்லை" என்றார் அவர். எம் ஆய்வேட்டில் அவ்விடத்தை யாம் எவ்வாறு நிரப்பினோம் என்பது அப்போது நினைவிற்கு வந்தது. பேரிளம்பெண் என்னும் சொல்லையே மூன்று கட்டங்கட்கும் பரப்பி எழுதியிருந்தோம். நாற்பதைக் கடந்துவிட்ட எமக்குப் பாட்டியல் ஒரு பெயரும் வைக்கவில்லை என்பதும் அன்றுதான் உறைத்தது.

அவ்வெறுங்கட்டம் பிழையன்று; உண்மையைக் காட்டும் சான்று என்பதே யாம் ஈண்டு நிறுவக் கருதுவது. பாட்டியலார் வகுத்த பருவங்கள் மனித உள்ளத்தின் வளர்ச்சியைக் கூற எழுந்தவை அல்ல. அவ்வளர்ச்சியைப் பற்றிய தமிழரின் ஆழ்ந்த சிந்தனை வேறிடங்களில் உள்ளது. அங்கும் அது ஒரே கொள்கையாக இல்லை. தம்முள் மாறுபடும் இரு கொள்கைகளாக உள்ளது. அட்டவணை அம்மாறுபாட்டை மறைத்துவிடுகின்றது.

முதற்கண் எரிக்சன் கூறியது யாது என்பதைச் சுருங்கக் காண்போம். 1902-இல் பிறந்து 1994-இல் மறைந்த அவர், 1950-இல் வெளியிட்ட 'குழந்தைமையும் சமூகமும்' என்னும் நூலில் மனித வாழ்வை எட்டுப் படிகளாகப் பகுத்தார். ஒவ்வொரு படியிலும் ஓர் இழுபறி உண்டு. கைக்குழந்தைக்கு நம்பிக்கையும் ஐயமும். இளையோர்க்குத் தாம் யார் என்னும் தெளிவும் குழப்பமும். நடுவயதினர்க்குப் பின்வருவோரைப் பேணுதலும் தேங்குதலும். முதியோர்க்கு நிறைவும் கசப்பும். இவ்விழுபறிகளின் பெயர்களை மனப்பாடம் செய்தல் எளிது. அவற்றின் அடியிலுள்ள கோட்பாடே இன்றியமையாதது. ஒரு படி முடிந்தபின் மறைந்துவிடுவதில்லை என்பதே அக்கோட்பாடு. கருவில் உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாய் முறையே தோன்றி உடலுள் நிற்பதுபோல, முந்தைய படி பிந்தைய படியின் உள்ளே நிற்கின்றது. தீராதது பின்னர் மீண்டும் தலைகாட்டுகின்றது. எண்பதாம் அகவையினர் மனத்தில் கைக்குழந்தையின் ஐயம் மீளவும் எழக்கூடும். எரிக்சனின் துணைவியார் சோன் எரிக்சன், 1997-இல் வெளிவந்த விரிவுப் பதிப்பொன்றில் ஒன்பதாம் படியைச் சேர்த்தபோது கூறியதும் இதனையே: முதுமையின் இறுதியில் முன்னைய இழுபறிகள் அனைத்தும் திரும்புகின்றன.

எரிக்சனை முற்றும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதன்று எம் கருத்து. கரோல் கில்லிகன் 1982-இல் எழுதிய நூலில், இத்தகைய படிமுறைகள் ஆடவர் வாழ்வையே அளவுகோலாகக் கொண்டவை எனக் காட்டினார். தனித்து நிற்றலே வளர்ச்சி எனக் கொண்டால், உறவில் நிற்போர் வளராதவராகவே தோன்றுவர். இம்மறுப்பு நம் உலா இலக்கியத்திற்கு எவ்வளவு பொருந்தும் என்பதைப் பின்னர்க் காண்போம். இந்தியச் சூழலில் இவ்வொப்பீட்டை முதலில் விரிவாகச் செய்தவருள் சுதிர் கக்கர் குறிப்பிடத்தக்கவர். எரிக்சனோடு பணியாற்றிய அவர், 1978-இல் வெளியிட்ட நூலில் எரிக்சனின் படிகளையும் வடநூலார் கூறும் நான்கு ஆசிரமங்களையும் அருகருகே வைத்துக் கண்டார். ஆயினும் ஆசிரமம் என்பது இவ்வாறு வாழ்க என விதிப்பது. எரிக்சனின் படியோ இவ்வாறு நிகழ்கின்றது எனக் கூறுவது. விதியையும் நிகழ்ச்சியையும் ஒரே நிரலில் வைக்கும்போது எதிர்ப்படும் இடரே நம் அட்டவணைகளிலும் உள்ளது.

பிள்ளைத்தமிழிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் அட்டவணை ஓரளவேனும் பொருந்துவது ஈண்டே. மூன்றாந் திங்கள் முதல் இருபத்தொன்றாந் திங்கள் வரை, ஒற்றைப்படத் திங்களைக் கணக்கிட்டுப் பத்துப் பருவங்களைப் பாடுதல் மரபு. ஐந்தாந் திங்களிற் செங்கீரை, ஒன்பதிற் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை, பதினைந்தில் அம்புலி என்றவாறு அது செல்லும். உலக நலவாழ்வு நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, குழந்தை துணையின்றி நடக்கத் தொடங்குவது 8.2 திங்கள் முதல் 17.6 திங்கள் வரையுள்ள இடைவெளியிலாம். பதின்மூன்றாந் திங்களில் வருகையை வைத்தோர் தொட்டிலருகே அமர்ந்து கண்டறிந்தவர் என்பதில் ஐயமில்லை. செங்கீரைக்கு ஐந்தாந் திங்கள் சற்று விரைவே. ஒருகால் மடக்கி, ஒருகால் முழந்தாள் ஊன்றி, இருகை நிலத்திற் பதித்துத் தலைநிமிர்ந்து ஆடுதல் பெரும்பாலான குழந்தைகட்கு இன்னும் சில திங்கள் கழித்தே இயலும். எனினும் தலை நிமிர்தல், கைகொட்டுதல், நடத்தல் என்னும் வரிசை பிழைபடவில்லை.

ஆனால் தாலைப் பாருங்கள். தாலாட்டு குழந்தையின் வளர்ச்சியன்று; தாயின் நாவசைவு. அதற்கு ஏழாந் திங்கள் என ஒரு கெடு இருத்தற்கில்லை. பின் மூன்று பருவங்களில் இந்நிலை இன்னும் தெளிவு. ஆண்பாற் பிள்ளைத்தமிழிற் சிற்றில், சிறுபறை, சிறுதேர் வரும்; பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானை, நீராடல் அல்லது கழங்கு, ஊசல் முதலியன வரும். பதினேழு திங்கட் குழந்தையை நோக்கி, எம் சிற்றிலைச் சிதையேல் எனச் சிறுமியர் வேண்டுவதும், இருபது திங்கள் நிரம்புமுன் ஒரு பெண்மகவு அம்மானை ஆடுவதும் வளர்ச்சியைக் கண்டு எழுதியவை ஆகா. தலைவனுக்கும் தலைவிக்கும் உரிய பிற்கால வீறு இங்கு முன்கூட்டியே பாடப்படுகின்றது. ஒரே நூலின் முன்பாதி குழந்தையையும் பின்பாதி பாட்டுடைத் தலைவனையும் பாடுகின்றது எனலாம்.

பிள்ளைத்தமிழில் உளவியலுக்கு உரிய செய்தி ஒன்று உண்டு. ஆனால் அட்டவணை வரைவோர் அதனைக் காண்பதில்லை. பருவப் பெயர்களை நோக்குக. கைகொட்டுக, முத்தம் தருக, வருக என்பன குழந்தை செய்வனவற்றின் பெயர்களல்ல. குழந்தையிடம் பிறர் வேண்டுவனவற்றின் பெயர்கள். அம்புலிப் பருவத்திலோ வேண்டப்படுவது குழந்தையுமன்று, நிலவு. தாய் சுட்டுகின்றாள், குழந்தை அச்சுட்டின் வழியே வானை நோக்குகின்றது, இருவரும் ஒன்றனையே காண்கின்றனர். குழந்தையின் வளர்ச்சி அதன் உடலுள் மட்டும் நிகழ்வதன்று, அழைப்போர்க்கும் அழைக்கப்படுவோர்க்கும் இடையே நிகழ்வது என்னும் உண்மை இப்பெயர்களிலேயே உறைகின்றது. குழந்தை பேசாத இலக்கியம் இது. ஆயினும் அதன் ஒவ்வொரு பாட்டும் குழந்தையின் விடைக்குக் காத்திருக்கின்றது. எரிக்சனின் முதற்படியாகிய நம்பிக்கை இதற்கு அணித்தாகவே நிற்கின்றது. ஆனால் அவ்வொப்புமை பருவத்தின் எண்ணிக்கையால் வருவதன்று, பாடும் குரலால் வருவது.

இன்னொன்றும் ஈண்டுச் சுட்டற்பாலது. பெரியாழ்வார் திருமொழியிற் பத்து என்னும் வரையறை இல்லை. பிறப்பின் களிப்பில் தொடங்கி, தாலாட்டு, அம்புலி, செங்கீரை, சப்பாணி, தளர்நடை எனச் சென்று, காதுகுத்தல், நீராட்டல், பூச்சூட்டல் எனத் தாயின் நாள்முறைப் பணிகளிலும் புகுந்து, அயலார் முறையீட்டையும் ஆநிரை மேய்த்தலையும் அடைகின்றது அது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் பாடிய காலத்தில் பருவங்கள் பத்தாக நிலைபெற்றுவிட்டன. இலக்கணம் வரையறுத்தபோது வாழ்வின் ஒரு பகுதி வெளியே நின்றுவிட்டது என்பது எம் துணிபு.

இனி உலா. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்னும் ஏழும் யாவரும் அறிந்தவை. பேதைக்கு ஐந்து முதல் ஏழு, பெதும்பைக்கு எட்டு முதல் பதினொன்று, மங்கைக்குப் பன்னிரண்டு பதின்மூன்று, மடந்தைக்குப் பத்தொன்பது வரை, அரிவைக்கு இருபத்தைந்து வரை, தெரிவைக்கு முப்பத்தொன்று வரை, பேரிளம்பெண்ணுக்கு நாற்பது வரை எனப் பெருவழக்காகக் கூறுவர். பாட்டியல்கள் இவ்வெண்களில் தம்முள் வேறுபடுகின்றன. அவ்வேறுபாடுகளைத் தொகுத்து எது சரி என ஆராய்ந்த கட்டுரைகள் நம் துறையில் உண்டு. அவ்வுழைப்பை மதிக்கின்றோம், ஆனால் வினாவே பொருந்தாதது. எண்கள் வேறுபட்டும் பெயர்கள் வேறுபடாமை, இவை அகவையை அளக்கப் பிறந்தவை அல்ல என்பதையே காட்டும்.

அவை அளப்பது ஒன்றே: தெருவில் வரும் தலைவனைக் காணுங்கால் ஒருத்தியின் உள்ளம் எவ்வளவு உருகுகின்றது என்பது. பேதை தாயர் செல்வதாற் செல்கின்றாள். காமம் இன்னதென அறியாள். பெதும்பைக்கு அறிந்தும் அறியாததொரு கலக்கம். மங்கை முதலாக அது முற்றுகின்றது. சேரமான் பெருமாள் பாடிய ஆதியுலா முதல் ஒட்டக்கூத்தரின் மூவருலா வழியாகப் பிற்காலத்துத் தலவுலாக்கள் வரை இவ்வமைப்பு மாறவில்லை. காமம் அறியாமைக்கு முன்னும் காமம் ஒழிந்தபின்னும் பெண்ணுக்கு வாழ்வு உண்டு என்னும் நினைவு இவ்வமைப்பிற்குத் தேவையில்லை. ஆதலின் ஐந்துக்கு முன்னும் நாற்பதுக்குப் பின்னும் பெயரில்லை. கில்லிகன் எரிக்சன் போன்றோரை நோக்கி எழுப்பிய வினா, உலாவை நோக்கின் இன்னும் கூர்மையாகும். அங்கே பெண்ணின் வளர்ச்சி ஆடவன் வளர்ச்சியின் அளவுகோலால் அளக்கப்பட்டது. இங்கே ஆடவனின் பவனியே அளவுகோல்.

ஆடவர்க்கும் பாட்டியல் பெயர் வைத்துள்ளது: பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன். முப்பதைக் கடந்தவன் முதுமகன். அதன்பின் அவனுக்கும் ஒன்றுமில்லை. போர்க்களத்திற்கு உதவும் அகவையே அங்கு எண்ணப்பட்டது போலும். இதனை நீள ஆராய்தல் வேண்டா.

உலாவைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. அது சிற்றிலக்கியம், தன் பணியைத் திறம்படச் செய்கின்றது. குறை, அதனை வாழ்நாள் உளவியல் என வலிந்து கூறும் நம்மிடமே உள்ளது.

தொல்காப்பியரிடம் செல்லின் வேறொரு நிலத்தை அடைகின்றோம். மெய்ப்பாட்டியலில் நகைக்கு நிலைக்களனாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கனையும், இளிவரலுக்கு நிலைக்களனாக மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கனையும் அவர் கூறுகின்றார். இளமை நகையின்பாலும் மூப்பு இளிவரலின்பாலும் வைக்கப்பட்டமை மேலோட்டமாக நோக்குவார்க்கு எளிய பொதுக்கருத்தாகத் தோன்றும். நுணுகி நோக்கின், இங்கே பருவம் எண்ணாகவன்றி உணர்வைத் தோற்றுவிக்கும் களனாக நிற்பதைக் காணலாம். இளமை யாரிடம் நகையைத் தோற்றுவிக்கும்? பெரும்பாலும் இளமையைக் கடந்தோரிடம். மூப்பின் இளிவரல் காண்போர்க்கும் உண்டு, தன்னைக் காணும் முதியோனுக்கும் உண்டு. பருவம் என்பது ஒருவர் மற்றொருவரை, அல்லது தம்மையே, காணும் காட்சி.

கற்பியலின் இறுதியை ஒட்டி வரும் நூற்பாவோ இன்னும் அரியது. காமம் நிறைவுற்ற பிற்காலத்தில், காவலாய் அமைந்த மக்களோடு நெருங்கி, அறத்தை விரும்பும் சுற்றத்தோடு கூடி, தலைவனும் தலைவியும் சிறந்ததனைப் பயிலுதலே கழிந்த வாழ்வின் பயன் என்கின்றது அது. பேரிளம்பெண்ணோடு முடியாத வாழ்வு இங்கே உண்டு. கிழத்தியும் கிழவனோடு ஒப்ப நிற்கின்றாள். மக்களைப் பேணுதலும் முதுமையின் நிறைவும் ஒரே தொடரில் இணைகின்றன. மாணவியின் வெறுங்கட்டத்திற்கு உரிய தமிழ்ச் சான்று ஒன்று உண்டெனின் அது பாட்டியலில் இல்லை, இங்கே உள்ளது. ஆயினும் இதனையும் கட்டத்துள் அடைத்தல் தகாது. கழிந்ததன் பயன் என்னும் கருத்தைக் கவனிக்க. கழிந்தது அழிந்ததன்று, பயனாய் எஞ்சுவது.

இக்கருத்திற்கு நேர் மாறானது குண்டலகேசி. பத்தொன்பது பாடல்களே எஞ்சியுள்ள அக்காப்பியத்தின் ஒரு பாட்டு, மனித வாழ்வின் பருவங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றும் செத்தது எனக் கூறிச் செல்கின்றது. சிசுவின் நிலை செத்தது; பாலன் நிலை செத்தது; காளைப் பருவம் செத்தது; காமுறும் இளமையும் செத்தது; வரும் மூப்பும் அவ்வாறே. நாள்தோறும் சாகின்ற நாம் நமக்காக ஏன் அழுவதில்லை என அது வினவுகின்றது. இதனை நிலையாமைப் பாட்டு எனக் கூறி அடுத்ததற்குச் செல்லுதல் நம் வகுப்பறை வழக்கம். நாலடியாரின் இளமை நிலையாமை அதிகாரத்தோடு இதனைச் சேர்த்துவிடுவதும் உண்டு. அது சாலாது. இளமை நில்லாது, ஆதலின் அறம் செய்க என்பது நாலடியார். அங்கே இளமையை உடையான் ஒருவன் உளன். அவனுடைய இளமை அவனை விட்டு நீங்குகின்றது. குண்டலகேசியில் அவ்வுடையானே இல்லை. பாலன் வளர்ந்து காளையானான் என்று அது கூறவில்லை; பாலன் செத்தான் என்கின்றது. கணந்தோறும் அழிவு என்னும் பௌத்தக் கொள்கையின் உளவியற் கூற்று இது. எரிக்சனின் கோட்பாட்டிற்கு இதனினும் வலிய மறுப்பைத் தமிழிற் காட்டுதல் அரிது. அட்டவணையிலோ இப்பாட்டு, பருவங்களைப் பட்டியலிட்ட காரணத்தால், எரிக்சனுக்குத் துணைச்சான்றாக எழுதப்படுகின்றது! எம் ஆய்வேட்டிலும் அவ்வாறே உள்ளது.

இனி, புறநானூற்றின் 243-ஆம் பாட்டு. இயற்றியவர் இயற்பெயர் தெரிந்திலது. பாட்டில் வரும் ஊன்றுகோலின் பெயராலேயே தொடித்தலை விழுத்தண்டினார் என வழங்கப்படுகின்றார். முதியவர் ஒருவர் தம் இளமையை எண்ணுகின்றார். மணலிற் பாவை செய்து அதற்குப் பூச்சூட்டிக் குளத்தில் ஆடிய சிறுமியரோடு கைகோத்து, அவர் தழுவத் தழுவி, அவர் அசைய அசைந்து ஆடியதும். நீர்த்துறையருகே தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நின்றோர் வியக்க ஆழ்மடுவிற் குதித்து மூழ்கி அடிமணலை அள்ளிவந்ததுமாகிய அவ்விளமை இப்போது எங்குள்ளதோ என வினவுகின்றார். இன்றோ கோலூன்றி நடுங்கி, இருமலுக்கிடையே சில சொற்களே பேசவல்ல முதுமை.

இப்பாட்டின் நயத்தைப் பலரும் எடுத்துரைத்துள்ளனர். யாம் கருதுவன இரண்டு. ஒன்று, அவ்விளையோர் கூட்டத்தைப் புலவர் எவ்வாறு வரையறுக்கின்றார் என்பது. அகவையைச் சொல்லவில்லை, பருவப் பெயரும் இல்லை. மறைத்தல் என்பதனை அறியாத, வஞ்சம் இல்லாத ஆயம் என்கின்றார். ஓர் உளநிலையால் ஒரு பருவத்தைக் குறித்த இடம் இது. அகத்திணையை அறிந்தார்க்கு இதன் ஆழம் விளங்கும். களவு என்பதே மறைவு. தாய்க்கு மறைத்தலும் ஊர்க்கு மறைத்தலும் தொடங்கும் இடத்தில் களவொழுக்கம் தொடங்குகின்றது. சிறுமியரோடு கைகோத்து ஆடியும் மறைக்க ஒன்றும் இல்லாத காலம், அதற்கு முந்தையது. சங்கச் சான்றோர்க்குக் குழந்தைமையின் எல்லை பன்னிரண்டு என்றோ பதின்மூன்று என்றோ இல்லை. ஒளித்தற்கு உரியது ஒன்று உள்ளத்திற் பிறக்கும் நாளே அவ்வெல்லை. உளவியல் நூல்களில் இதனினும் செறிந்த வரையறையை யாம் கண்டதில்லை.

மற்றொன்று துறை பற்றியது. இப்பாட்டிற்குப் பொதுவியல் திணையும் கையறுநிலைத் துறையும் குறிக்கப்பட்டுள்ளன. கையறுநிலையாவது இறந்தாரை எண்ணி எஞ்சினோர் இரங்குவது. இங்கே இறந்தவர் யார்? எவருமில்லை. இளமையையே இறந்ததாகக் கொண்டு இத்துறை வகுக்கப்பட்டது. துறை வகுத்தோர், குண்டலகேசி தோன்றுமுன்னரோ பின்னரோ, பருவம் இறக்கும் என்னும் கொள்கையினராய் இப்பாட்டைப் படித்தனர் எனலாம். ஆனால் பாட்டு அவ்வாறு கூறுகின்றதா? புலவர் அவ்விளமை இறந்தது என்றிலர். இரங்கத்தக்கது என்கின்றார், எங்குள்ளது என வினவுகின்றார். இல்லாததனை எங்கே எனத் தேடுவார் இலர். மேலும், இருமலிடையே சில சொல்லே பேச வல்லேம் எனக் கூறும் அம்முதியோர், அவ்விளமையைக் கூறுங்கால் மூச்சு விடாமல் ஒரே நீண்ட தொடராகக் கூறுகின்றார். தொடர் முழுதும் பாய்கின்றது; மூழ்குகின்றது; மணலோடு எழுகின்றது. உடல் இழந்ததை மொழி இழக்கவில்லை. துறை, இளமையைப் புதைத்துவிட்டது. பாட்டோ இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றது. குண்டலகேசிக்கும் எரிக்சனுக்கும் இடையேயுள்ள வழக்கு, இவ்வொரு பாட்டிற்கும் அதன் துறைக்கும் இடையே முன்னரே நிகழ்ந்துள்ளது.

முதுமை பற்றிய வேறு இரு புறப்பாட்டுகளை ஈண்டு ஒப்புநோக்குதல் பயன்தரும். 195-ஆம் பாட்டில் நரிவெரூஉத் தலையார், மீன்முள் போன்ற நரையும் திரைந்த கன்னமும் பெற்ற முதியோரை நோக்கி, பயனற்ற மூப்பினீர் எனக் கடிந்துரைத்து, நல்லது செய்ய இயலாவிடினும் அல்லது செய்தலையேனும் ஒழிமின் என்கின்றார். மூத்தல் தானாகவே முதிர்ச்சி ஆகாது என்பது இதன் கருத்து. 191-ஆம் பாட்டில் பிசிராந்தையார், ஆண்டு பல கழிந்தும் தமக்கு நரை இல்லாமைக்குக் காரணம் கூறுகின்றார்: மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து ஒழுகும் ஏவலர், அல்லவை செய்யாது காக்கும் வேந்தன், இவற்றுக்கு மேலாக அடங்கிய கொள்கையுடைய சான்றோர் பலர் வாழும் ஊர். எரிக்சன் கூறும் நிறைவிற்கு இதனை எடுத்துக்காட்டாகத் தருவது வழக்கம். ஒரு வேறுபாடு உண்டு. எரிக்சனின் முதியோர் தம் வாழ்வைத் திரும்பிப் பார்த்துத் தாமே நிறைவுறுவர். பிசிராந்தையார் கூறிய காரணங்களுள் ஒன்றேனும் அவருடைய உள்ளத்தைப் பற்றியதன்று. யாவும் பிறர். மனை முதல் ஊர் வரை விரியும் வட்டங்களே அவருடைய இளமையைத் தாங்குகின்றன. இவ்வாறு கூறிய அவர், கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அதுகாறும் நேரிற் கண்டிராத அந்நண்பனுக்காக வந்து தாமும் வடக்கிருந்து உயிர் நீத்தார். வட்டத்தில் ஒன்று அறுந்தபின் நரையிலா வாழ்வை நீட்டிக்க அவர் விரும்பவில்லை.

படிமுறைக் கொள்கை முழுதும் தடுமாறும் இடமொன்றும் உண்டு. சிலப்பதிகாரத் தொடக்கத்தில் கண்ணகிக்கு அகவை பன்னிரண்டு, பாட்டியலின்படி மங்கை. புகாரில் அவள் பேசும் சொற்கள் மிகச் சில. சோமகுண்டம் சூரியகுண்டம் ஆடித் தொழுதால் கணவனைப் பெறலாம் எனத் தேவந்தி கூறியபோது, அது பெருமையன்று என ஒரு சொல்லால் மறுக்கின்றாள். மதுரையில் அரசவையில் அவள் பேசியவற்றைக் கூறவேண்டியதில்லை. இடையே சென்றது பருவமன்று. ஓர் இரவும் ஒரு கொலையும் சென்றன. ஆண்டுகளால் வளரும் உள்ளம் ஒருபுறமிருக்க, நிகழ்ச்சியால் ஒரே நாளில் வளரும் உள்ளமும் உண்டு. அதற்கு அட்டவணையிற் கட்டம் அமைக்க இயலாது. நற்றிணை 110-ஆம் பாட்டின் செவிலி வியப்பதும் ஏறத்தாழ இதுவே. பொற்கலத்திற் பால் ஏந்திப் பின்னே ஓடிவந்தும் உண்ண மறுத்த சிறுமகள், கணவன் வீட்டு வறுமையில் தந்தை வீட்டுச் சோற்றை நினையாதவளாய், ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்கின்றாளே, இவ்வறிவை எங்குக் கற்றாள் என்பது அவள் வினா. செவிலிக்கு விடை தெரியவில்லை. அவளறிந்த மகள் பந்தலில் ஓடி ஒளிந்த மகள். போதனார் விடை கூறாமலே பாட்டை முடிக்கின்றார்.

முன்னர்க் குறித்த மாணவி, தம் ஆய்வேட்டைத் திருத்தி அளித்தபோது அவ்விரு கட்டங்களையும் நிரப்பியிருக்கவில்லை. அட்டவணையையே நீக்கிவிட்டு, அவ்விடத்தில் புறம் 243-ஐப் பற்றிப் பதினெட்டுப் பக்கம் எழுதியிருந்தார். மறைத்தல் அறியா ஆயம் என்பதன் மீது அவர் எழுதிய குறிப்பே இக்கட்டுரையின் ஒரு பகுதிக்கு வித்து. எம் அட்டவணையை யாம் அவ்வாறு நீக்குதற்கு வழியில்லை. அது கட்டடம் செய்யப்பட்டுத் துறை நூலகத்தில் நிற்கின்றது. ஆண்டுதோறும் ஓரிருவர் அதனை மேற்கோள் காட்டுகின்றனர்.